மாமனார் மடியில் என் கார் சாவி

பட்டுப்புடவை கட்டிய பெண் ஒருத்தி நடுச்சாலையில் கார் தள்ளுவதை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். நான் பார்த்திருக்கிறேன். டிரைவர் சீட்டில் உட்கார்ந்துகொண்டு, தலைக்கு மேலிருக்கும் சிறு கண்ணாடியில், மிக அருகில். தள்ளியவள் என் மனைவி கனகா. வலது கை டிக்கியில். இடது கை தலையில், கனகாம்பரம் நழுவாமல் இருக்க.

இடம், கோவையிலிருந்து சத்தியமங்கலம் போகும் சாலை, புளியம்பட்டி தாண்டி. காலம், தொண்ணூறுகளின் நடுவில் ஏதோ ஒரு ஆவணி. என் மச்சான் மகனுக்குக் காது குத்து. காலை எட்டு மணி வெயில் இன்னும் சூடேறவில்லை. கனகாவுக்கு ஏறியிருந்தது.

"ஏனுங்க, செகண்டு கியர் போட்டுட்டீங்களா?"

"போட்டாச்சு அம்மணி."

"கிளட்சு?"

"மிதிச்சிருக்கறேன்."

"சாவகாசமா மிதிச்சிட்டு இருக்காதீங்க. நான் சொல்றப்ப உடுங்க. வெங்கிடண்ணா, தம்மு கட்டுங்க... ம்ம்... இப்ப!"

விட்டேன். கார் இரண்டு முறை இருமி, ஒருமுறை குலுங்கி, உயிர் பெற்றது. ஸ்டீயரிங்கை ஒருநாளும் தொட்டுப் பார்க்காதவள் கனகா. ஆனால் கிளட்ச்சை எந்த நொடியில் விட வேண்டும் என்பது அவள் உள்ளங்கைக்குத் தெரியும். நாலு வருடப் பயிற்சி.

தள்ளிக் கிளப்பிய காரை நிறுத்தக் கூடாது. மெதுவாக உருட்டிக்கொண்டே போனேன். கூடத் தள்ளிய பட்டறைக்காரர் வெங்கிடு ஓடி வந்து பின்சீட்டுக்குள் தலைகீழாகப் பாய்ந்தார். அடுத்து கனகா, கொசுவத்தை ஒரு கையில் பிடித்தபடி முன்சீட்டில் வந்து விழுந்தாள். கதவைச் சாத்தினாள். அது சாத்திக்கொள்ளவில்லை. மறுபடி சாத்தினாள்.

மூச்சு வாங்கி முடித்ததும் ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள்.

"நின்னு போச்சுங்க."

அவ்வளவுதான். அதற்கு மேல் சொல்லத் தேவையில்லை. ஏனென்றால் முந்தின வாரம் எங்களுக்குள் ஓர் ஒப்பந்தம் ஆகியிருந்தது. சத்தி போகிற வழியில் கார் ஒருமுறை நின்றாலும், விருந்து முடிந்ததும் சாவியை அவள் அப்பாவிடம் கொடுத்துவிட வேண்டும். அவருடைய பால்ய சிநேகிதர் ஒருவர் பழைய இரும்புக் கடை வைத்திருந்தார். அவரும் காது குத்துக்கு வருகிறார். காரைக் கையோடு கொண்டுபோய்விடுவதாக ஏற்பாடு.

ஆக, நான் என் காரை அதன் சாவுக்கு நானே ஓட்டிக்கொண்டு போனேன். அதற்குப் பெட்ரோலும் நானே போட்டிருந்தேன்.

மோர்க்குழம்பு வந்த கதை

சென்ற வாரம் இந்தப் பத்தியில் நான் நீச்சல் கற்றுக்கொள்ளாமல் போன வரலாற்றைப் படித்துவிட்டுச் சில வாசகர்கள், "உங்களுக்கு உருப்படியாக எதுவுமே செய்யத் தெரியாதா?" என்று அன்போடு எழுதியிருந்தார்கள். தெரியும். நான் ஒரு கார் வைத்திருந்தேன்.

அது எந்தக் கம்பெனி கார் என்று சொல்ல மாட்டேன். சொன்னால் கம்பெனிக்கு அவமானம். இரண்டே கதவு, உருண்டை முகம், எப்போதும் எதையோ கேட்டு ஆச்சரியப்பட்டது மாதிரி இரண்டு விளக்குக் கண்கள். நிறம், வாங்கியபோது ஐவரி என்றார்கள். எங்கள் காலனிக்காரர்கள் முதல் நாளே பார்த்துவிட்டு "மோர்க்குழம்பு" என்றார்கள். அதுவே பெயராக நிலைத்தது.

நான் ஒரு கல்லூரியில் நூலகர். என் சம்பளத்துக்குப் புதுக்கார் என்பது பக்கத்து வீட்டு வாசலில் நிற்பது. ஓய்வு பெற்ற பௌதீகப் பேராசிரியர் ஒருவர், எங்கள் வீட்டு டெலிவிஷன் பெட்டியைவிடக் கொஞ்சம் கூடுதலான விலைக்கு இதைக் கொடுத்தார். கொடுக்கும்போது அவர் கண் கலங்கியது. பிரிவுத் துயரம் என்று நினைத்தேன். தெருமுனை திரும்பும்போது எட்டிப் பார்த்தேன். மனிதர் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்.

காரோடு ஒரு பராமரிப்புக் கையேடும் வந்தது. அதைக் கல்லூரி நூலகத்தில் எந்தப் பிரிவில் வைப்பது என்று ஒருநாள் முழுக்க யோசித்தேன். பொறியியலில் வைக்க மனம் ஒப்பவில்லை. அதில் சொன்னது எதுவும் காரில் நடப்பதில்லை. கடைசியில் சமயத் தத்துவத்தில் வைத்தேன். இருப்பதாக நம்பி, காணாததைத் தேடுகிறவர்களுக்கான நூல்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் காரைப் போல் என்னைச் சந்தோஷப்படுத்திய பொருள் என் வாழ்க்கையில் வேறில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் கார்புரேட்டரைக் கழற்றி, பெட்ரோல் பீச்சும் அதன் சின்ன ஜெட்டை உதட்டில் வைத்து ஊதுவேன். காபிக்கு முன்னால் நாக்கில் ஒரு சொட்டுப் பெட்ரோல் ருசி. பிறகு ரெக்சின் சீட்டுக்குத் தேங்காயெண்ணெய் தடவுவேன். வெயிலில் அது காய்ந்து, உட்கார்ந்தால் தலை சீவிக்கொண்ட மாதிரி ஒரு வாசனை வரும்.

முன்கதவில் ஒரு முக்கோணக் கண்ணாடி உண்டு. அதைத் திருப்பி வைத்தால் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று நேராக நெஞ்சில் அடிக்கும். தரையில் ரப்பர் விரிப்பை விலக்கினால் ஓர் ஓட்டை. அதன் வழியே சாலை ஓடுவதைப் பார்க்கலாம். மணிக்கு நாற்பது தாண்டினால் எனக்குச் சிரிப்பு வந்துவிடும். காரணமே இருக்காது. சும்மா சிரிப்பேன். கனகா பக்கத்தில் உட்கார்ந்து, "ரோட்டைப் பாருங்க, ரோட்டைப் பாருங்க" என்பாள். கொஞ்ச நேரத்தில் அவளும் முந்தானையால் வாயை மூடிக்கொள்வாள்.

அதே கனகாதான் என்னிடம் ஒருநாள், "காரமடைத் தேரை வருசத்துல ஒருக்காத்தானுங்க இழுக்கறாங்க. உங்குளுதை வாரத்துல மூணு நாள் இழுக்கோணும். அங்க இழுத்தாப் புண்ணியமாச்சும் உண்டு" என்றாள்.

முடியாது என்ற சொல் தெரியாத மனிதர்

வெங்கிடுவைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் காரைப் பற்றிச் சொல்ல முடியாது. பெரியநாயக்கன்பாளையத்தில் அவருக்கு ஒரு லேத்துப் பட்டறை. தொழில், கிணற்று மோட்டார் பம்புகளுக்குச் சாமான் கடைந்து கொடுப்பது. கார் மெக்கானிக் அல்ல. ஆனால் கார் மெக்கானிக்குகள் எல்லோரும் என் காரைப் பார்த்ததும் கைகழுவப் போய்விட்டார்கள். வெங்கிடு மட்டும் போகவில்லை. காரணம், அவருக்கு "முடியாது" என்று சொல்ல வராது. மரியாதைக் குறைவு என்று நினைப்பார்.

"வெங்கிடு, இந்தச் சாமான் ஊரெல்லாம் தேடிட்டேன். கெடைக்கல."

"எதுக்குங்க தேடறீங்க? பண்ணிப்போடலாமுங்க."

எங்கள் ஊர்க்காரர்களின் வியாதி இது. கடையில் விற்கிற பொருளை வாங்குவது கௌரவக் குறைச்சல். கடைந்து செய்ய வேண்டும். செய்வதும் தங்களுக்குத் தெரிந்த பொருளாகத்தான் செய்வார்கள். வெங்கிடுவுக்குத் தெரிந்தது பம்பு. எனவே என் கார் மாதத்துக்கு ஓர் உறுப்பாகப் பம்பாக மாறிக்கொண்டு வந்தது.

ஒருமுறை பின்பக்க வலது சக்கரத்துக்கு உள்ளே சேர்ந்து சுற்றுகிற பிரேக் டிரம் விரிசல் விட்டது. வெங்கிடு பட்டறை மூலையில் கிடந்த ஒரு பம்பு புல்லியை எடுத்தார். பட்டையான பெல்ட் ஓடுவதற்காக வார்த்த இரும்புச் சக்கரம். அதன் உட்பக்கத்தைக் கடைந்து அப்படியே டிரம் ஆக்கி மாட்டிவிட்டார். வெளிப்பக்கத்தைத் தொடவில்லை. கண்ணாடி மாதிரிப் பளபளத்தது.

"வெளிய எதுக்கு இவ்வளவு அகலம்? குறைச்சுக் கடைஞ்சிருக்கலாமே?"

"பெல்ட்டு ஓடற மொகமுங்க சார். எத்தனை நைசா வந்திருக்குது பாருங்க. அதைக் கடைஞ்சு எறியறதுக்கு மனசு வரலீங்க."

"காருக்கு எதுக்குங்க பெல்ட்டு ஓடற மொகம்?"

"இருந்துட்டுப் போகட்டுமுங்க. சோறா கேக்குது?"

அடுத்து, சாவி போடுகிற பூட்டு கெட்டுப்போனது. எந்தப் பக்கம் திருப்பினாலும் வெறுமனே சுற்றியது. வெங்கிடு அந்த ஒயரையெல்லாம் பிரித்து, டேஷ்போர்டுக்குக் கீழே பம்பு மோட்டார் ஸ்டார்ட்டரின் பொத்தான்கள் இரண்டைப் பதித்தார். பச்சையை அமுக்கினால் கரண்ட் வரும். சிவப்பை அமுக்கினால் போகும். பழைய பூட்டு சும்மா கிடந்தது. சாவியை அதிலேயே செருகி, பிள்ளையார் வளையத்தோடு தொங்க விட்டோம்.

"இனிச் சாவி எதுக்கு?" என்றேன்.

"லட்சணத்துக்குங்க. சாவியில்லாத வண்டி, பொட்டு வெக்காத மொகமாட்ட இருக்கும்."

"யாராச்சும் திருடிட்டுப் போயிட்டா?"

வெங்கிடு என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "தள்ளோணுமுங்களே சார்."

வெங்கிடு ஒருமுறை பிரேக் பார்த்துக் கொடுத்து, "வண்டி ஜம்முனு போகுமுங்க" என்றார். அது உப்பிலிபாளையம் சிக்னலில் நிற்காமல் ஜம்மென்று போனது. கேட்டதற்கு, "போகுமுன்னுதானுங்களே சொன்னேன். நிக்கறதுக்கு இன்னொரு நாளாகுமுன்னு எப்படீங்க மூஞ்சிக்கு நேரா சொல்றது?" என்றார்.

அன்றிலிருந்து, வெளியூர் போனால் வெங்கிடுவும் பின்சீட்டில் வருவார். மற்றவர்கள் ஸ்டெப்னி டயர் வைத்திருப்பார்கள். நாங்கள் வெங்கிடுவை வைத்திருந்தோம்.

சாமிக்குப் பின்பக்கம்

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். அந்தக் காரில் மிகச் சிறந்த கியர் ரிவர்ஸ்தான். முன்னால் போகச் சொன்னால் ஆயிரம் சாக்குச் சொல்லும். பின்னால் போகச் சொன்னால் குதித்துக்கொண்டு போகும்.

மருதமலைக்கு ஒரு கிருத்திகை அன்று போனோம். பாதி மலையில் முதல் கியரிலும் மூச்சு முட்டி நின்றுவிட்டது. வெங்கிடு யோசித்தார். காரைத் திருப்பச் சொன்னார். ரிவர்ஸ் போடச் சொன்னார். நம்புங்கள், மோர்க்குழம்பு பின்பக்கமாகவே மலை ஏறியது. நடந்து வந்த பக்தர்கள் ஒதுங்கி நின்று அரோகரா போட்டார்கள்.

முருகனுக்கு டிக்கியைக் காட்டிக்கொண்டு போகிறோமே என்று கனகாவுக்குச் சங்கடம். சீட்டில் மண்டியிட்டுத் திரும்பி, பின்கண்ணாடி வழியாகக் கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டபடியே வந்தாள். எதிரில் பின்சீட்டில் உட்கார்ந்திருந்த வெங்கிடு, தன்னைத்தான் கும்பிடுகிறாள் என்று நினைத்து, "என்னத்துக்குங்க அம்மணி இதெல்லாம்" என்று கூசிப் போனார்.

காது குத்தும் கரண்டும்

இனி மாமனார் தோட்டத்துக்கு வருவோம். எப்படியோ வந்து சேர்ந்துவிட்டோம்.

என் மாமனார் ஆறடி. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, வெள்ளை மீசை. வாசலில் அவருடைய கார், படகு மாதிரிப் பெரியது, அதுவும் வெள்ளை. அதற்குப் பக்கத்தில் மோர்க்குழம்பை நிறுத்தியதும் இலையில் சோற்றுக்குப் பக்கத்தில் ஊற்றின மாதிரியே இருந்தது.

"வாங்க மாப்ளை. ஒறம்பறை சனமெல்லாம் நேத்தே வந்துட்டாங்க. வண்டியும் வந்துருச்சுங்களா, இல்லை நீங்க மட்டும் வந்தீங்களா?"

கொங்கு நாட்டு மாமனார்கள் மருமகனைத் திட்ட மாட்டார்கள். "ங்க" போட்டுத்தான் குத்துவார்கள்.

"வண்டியுந்தானுங்க மாமா."

"புஸ்தகம் பழசாப் போச்சுன்னா லைப்ரரில என்ன பண்ணுவீங்க மாப்ளை?"

"பைண்டிங் பண்ணுவோமுங்க."

"அது சரி" என்று மீசையைத் தடவினார். பின்னால் அவருடைய சிநேகிதர், இரும்புக் கடைக்காரர், ஏற்கெனவே என் காரைச் சுற்றி வந்துகொண்டிருந்தார். பானெட்டை விரலால் தட்டினார். தேங்காய் வாங்குகிறவர் மாதிரிக் காதைச் சாய்த்துக் கேட்டார். டிக்கியைத் தட்டினார். கொஞ்சம் துரு அவர் விரலோடு வந்தது. அதை ஊதிவிட்டு என்னைப் பார்த்துப் புன்னகைத்தார். சாகப் போகிறவர் வீட்டுக்கு விசாரிக்க வந்தவர் இப்படிப் புன்னகைப்பார்.

காது குத்து நல்லபடியாக நடந்தது. பையன் வீறிட்டான், எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். அடுத்து விருந்து. அப்போதுதான் தோட்டத்துக்கு வெளியே பெரிய சத்தம். புளியமரக் கிளை ஒன்று முறிந்து, கரண்ட் கம்பத்துக் கம்பி மேல் விழுந்து, கம்பியையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டது.

அந்த வாரம் தோட்டத்து மோட்டாருக்குப் பகலில்தான் கரண்ட் முறை. காது குத்து முடிந்ததும் மோட்டார் போட்டுத் தொட்டியை நிரப்பிக்கொள்ளலாம் என்று இருந்தார்கள். தொட்டியில் இருந்ததோ ஒரு முழம் தண்ணீர். சமையல் மாஸ்டர் அதை எட்டிப் பார்த்துவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டார்.

"ஏனுங்க பெரியவரே, ஒலை வெச்சாச்சு. தண்ணியில்லாம அரிசியை நானு எங்க கொட்டறதுங்க? அப்பறம் உண்டுபோட்டு இத்தனை சனம் கையை எங்க கழுவறது?"

வாய்க்காலில் தண்ணீர் விட்டிருந்த மாதம். கிணறு மேல்வரை நிறைந்து தளதளவென்று கிடந்தது. அதை எடுக்கத்தான் வழியில்லை. இரண்டு பேர் வாளி போட்டு இறைத்தார்கள். பந்தல் நிறைய விருந்தாளிகள். மாமனார் முதன்முறையாக மீசையைத் தடவாமல் நின்றார். பேரன் காது குத்துக்கு வந்தவர்களைச் சோறு போடாமல் அனுப்பினால் அந்தப் பேச்சு மூன்று தலைமுறைக்கு நிற்கும்.

வெங்கிடு கிணற்றுமேட்டு மோட்டார் அறைக்குள் போனார். நானும் போனேன். அங்கே மின்மோட்டாருக்குப் பக்கத்தில் ஒரு பழைய பம்பு தூசி படிந்து கிடந்தது. கரண்ட் வராத காலத்தில் ஆயில் இன்ஜின் வைத்து ஓட்டியது. இன்ஜினை எப்போதோ விற்றுவிட்டார்கள். குழாயும் பம்பும் மிச்சம். சுவரில் ஆணியில் அகலமான பட்டை பெல்ட் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது.

வெங்கிடு பெல்ட்டைப் பார்த்தார். வாசல் வழியாகத் தூரத்தில் நின்ற மோர்க்குழம்பைப் பார்த்தார். மெதுவாகச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

"சார், சித்தே வண்டியைக் கொண்டாங்க."

எங்கும் போகாத பயணம்

பசித்திருந்த விருந்தாளிகள் பத்துப் பேர் தள்ளினார்கள். பச்சையை அமுக்கி, கிளப்பி, பின்பக்கமாகவே ஓட்டிக் கிணற்றுமேட்டுக்குக் கொண்டுபோனேன். டிக்கி பம்பு அறையைப் பார்த்து நின்றது.

"இன்ஜினை மட்டும் நிறுத்தீராதீங்க சார். நின்னா மறுக்காத் தள்ளறதுக்குச் சக்கரம் இருக்காது."

கியரை நடுவில் வைத்து, உயிர் போகாமல் ஆக்சிலேட்டரை மிதித்துக்கொண்டிருந்தேன். மாஸ்டரின் ஆட்டுக்கல் குழவி இடது சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்தது. வலது பக்கம் ஜாக்கி ஏறியது. நாலு நட்டுகளைக் கழற்றிச் சக்கரத்தை உருட்டிவிட்டார் வெங்கிடு.

உள்ளே, வெயிலில் பளபளத்தது. கடைந்து எறிய மனசு வராத அந்தப் பெல்ட் ஓடுகிற முகம்.

வெங்கிடு என்னைப் பார்த்து, "சோறு கேக்கலைன்னு சொன்னனுங்களே சார். சோறு போடப் போகுது பாருங்க" என்றார்.

பெல்ட்டை மாட்டினோம். மெதுவாக முதல் கியரைப் போட்டேன். டிரம் சுற்றியது, பெல்ட் ஓடியது, பம்பு உறுமியது. தண்ணீர் வரவில்லை.

"கிளட்சை மிதிங்க, மிதிங்க! பம்பு திருப்பிச் சுத்துது!" என்று வெங்கிடு கத்தினார்.

பெல்ட்டைக் குறுக்காகப் போட்டால் திசை மாறும். இழுத்துப் பார்த்தார்கள். நீளம் பற்றவில்லை. வெங்கிடு என்னைப் பார்த்தார். நான் வெங்கிடுவைப் பார்த்தேன். மருதமலை எங்கள் இருவர் முகத்திலும் ஒரே சமயத்தில் வந்து போனது.

ரிவர்ஸ் போட்டேன்.

மோர்க்குழம்பு ஒருமுறை சிலிர்த்தது. அப்புறம் அது போட்ட சத்தத்தை எழுதிக் காட்ட என் தமிழில் எழுத்துகள் போதாது. அந்தச் சத்தத்தில் மாட்டுக் கட்டுத்தறியில் எருமை ஒன்று கயிற்றை அறுத்துக்கொண்டது. யாரோ ஒரு வாளி சாணிக் கரைசலைப் பம்பின் வாயில் ஊற்றிக் காற்று புகும் சந்துகளை அடைத்தார்கள். குழாய் மூன்று முறை ஏப்பம் விட்டது. பிறகு, பச்சையாகக் கொஞ்சம், கலங்கலாகக் கொஞ்சம், அதற்கப்புறம் வெள்ளை வெளேரென்று, ஒரு கை தடிமனுக்குத் தண்ணீர் தொட்டியில் வந்து விழுந்தது.

பந்தலில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். காது குத்திய பையன் அழுகையை நிறுத்திவிட்டான்.

கனகா ஒரு செம்போடு ஓடி வந்தாள். "ரேடியேட்டரு கொதிக்குதுங்க!" தொட்டித் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றினாள். ஆவி புசுபுசுவென்று கிளம்பியது. பட்டுப்புடவை, கையில் செம்பு, எதிரில் புகை. பார்க்கிறவர்களுக்கு அபிஷேகம் நடக்கிற மாதிரியே இருந்தது. சிலர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

நான் இறங்க முடியாது. இறங்கினால் ஆக்சிலேட்டர் போய்விடும். ரிவர்ஸ் கியரில், இரண்டு மணி நேரம், அசையாமல் வண்டி ஓட்டினேன். பெல்ட் சூடாகும் ரப்பர் வாசனை, அதன் மேல் வெல்லப் பாயச வாசனை. பழக்கதோஷத்தில் ஸ்டீயரிங்கை வேறு அவ்வப்போது திருப்பிக்கொண்டிருந்தேன். வழக்கம்போலச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியவில்லை.

மாமனார் வந்தார். பந்தி பரிமாறிக்கொண்டிருந்தவருக்கு அப்போதுதான் நேரம் கிடைத்தது. தண்ணீரைப் பார்த்தார். சக்கரம் இல்லாத பக்கத்தைப் பார்த்தார். ஜன்னலில் குனிந்து என்னைப் பார்த்தார்.

"எங்க போயிட்டு இருக்கறீங்க மாப்ளை?"

"பந்திக்குத் தண்ணி கொண்டாரப் போயிட்டு இருக்கறனுங்க மாமா."

அவர் சிரிக்கவில்லை. தொட்டிப் பக்கம் போய்க் கையை நீட்டித் தண்ணீரில் வைத்தார். ரொம்ப நேரம் வைத்திருந்தார்.

வந்தது புது ஆபத்து

சாயங்காலம் நாலு மணிக்குக் கடைசிப் பந்தியும் எழுந்தது. சிவப்பை அமுக்கினேன். காதில் ரீங்காரம் நிற்க வெகுநேரம் ஆனது. வெங்கிடு சக்கரத்தை மாட்டி முடித்தார். மாமனாரும் இரும்புக் கடைக்காரரும் வந்தார்கள்.

"சாவியைக் குடுங்க மாப்ளை."

ஒப்பந்தம் ஒப்பந்தம்தான். பிள்ளையார் வளையத்தோடு சாவியை உருவிக் கொடுத்தேன். அவர் அதை வேட்டி மடியில் முடிந்துகொண்டார். சொன்னால் நம்ப வேண்டும், அந்தச் சாவியால் ஒரு பிரயோஜனமும் இல்லை என்பது அந்த நிமிடம் எனக்கு நினைவில்லை. துக்கத்தில் இருந்தேன். கனகா இதை இன்றுவரை நம்பவில்லை.

மாமனார் சிநேகிதரிடம் திரும்பினார். "நீ போய்ட்டு வா. இது இரும்புக்குப் போடற வண்டியில்ல."

என் நெஞ்சு துள்ளியது. அடுத்த வாக்கியத்தில் அடங்கியது.

"இந்தக் கரண்டை நம்பி இனி இருக்க முடியாதுங்க மாப்ளை. இது இங்கியே கெணத்துமேட்டுல நிக்கட்டும். மேல நல்லதா ஒரு ஓலைக் கொட்டாய் போட்டுடறேன். நீங்க என்ற வண்டியை எடுத்துக்குங்க."

வெள்ளைப் படகு. தரையில் ஓட்டை இல்லாதது. திருப்பினால் கிளம்புவது. புத்தியுள்ள எவனும் அவர் காலில் விழுந்திருப்பான். நான் கிணற்றுமேட்டில் ஓலைக்குக் கீழே, ஜாக்கி மேல், ஆயுள் முழுக்க ரிவர்ஸில் நிற்கப் போகும் மோர்க்குழம்பைப் பார்த்தேன். கனகாவைப் பார்த்தேன். ஜெயித்துவிட்டாள், சிரிப்பாள் என்று நினைத்தேன்.

அவள் நேராகப் போய் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். கதவைச் சாத்தினாள். மறுபடி சாத்தினாள்.

"அம்மணி, எறங்கு கண்ணு."

"எறங்க மாட்டனுங்கப்பா."

"நீதானே சாமி இது வேண்டாமுன்னு சொன்னே?"

"சொன்னனுங்க. நாலு வருசமாத் தள்ளறேன். ரெண்டு கையும் காச்சுப் போச்சு. அத்தனை தள்ளுனதுக்கப்பறம் இதைக் கொண்டாந்து கெணத்துமேட்டுல உட்டுட்டுப் போறதுக்கு எனக்கென்ன கிறுக்கா?"

மாமனார் அவளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மடியைத் தட்டிக் காட்டினார். மீசைக்குள்ளே சிரிப்பு.

"சாவி எங்கிட்ட இருக்குது. எப்படிப் போறதாட்ட?"

"தள்ளி உட்டாப் போகுமுங்க" என்றாள் கனகா.

"சாவியில்லாமையா?"

"ஆமாங்க."

"அப்படிப் போச்சுன்னா உங்குளுதே. போகலீன்னா எனக்கு. சரிதானுங்களா மாப்ளை?"

"சரீங்க மாமா" என்று டிரைவர் சீட்டில் போய் உட்கார்ந்தேன். அப்போதுதான் என் முழங்காலுக்கு அருகே பச்சையாக ஏதோ தெரிந்தது.

நான் வெங்கிடுவைப் பார்க்கவில்லை. பார்த்தால் சிரித்துவிடுவேன். அவர் ஏற்கெனவே பின்சீட்டில் ஏறி, முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டிருந்தார்.

மாமனார் துண்டை இடுப்பில் கட்டினார். தோற்பது எப்படி என்று மருமகனுக்குக் காட்ட வேண்டும் என்பதால் தானே தள்ளப் போகிறாராம். இரும்புக் கடைக்காரர் இன்னொரு பக்கம். ஆறடி வெள்ளை வேட்டி, கண்ணாடியில், மிக அருகில்.

கனகா ஜன்னலில் தலையை நீட்டினாள். "அப்பா, தம்மு கட்டித் தள்ளுங்க. மாமா, நீங்க அந்தப் பக்கம் நல்லாக் குடுங்க... இன்னும்... ஏனுங்க, இப்ப!"

பச்சை. கிளட்ச்.

மோர்க்குழம்பு இருமவே இல்லை. முன்பக்கமாக, முதல் முறையாக, குதித்துக்கொண்டு கிளம்பியது.

தள்ளிக் கிளப்பிய காரை நிறுத்தக் கூடாது. சொல்லாமல் புறப்படுவது எங்கள் பக்கம் பெரிய மரியாதைக் குறைவு. எனவே மூன்று பேரும் இரண்டு ஜன்னலில் தலையை நீட்டி, "போயிட்டு வாரமுங்க மாமா! வாரமுங்கப்பா! வாரனுங்க பெரியவரே!" என்று கத்திக்கொண்டே போனோம். கண்ணாடியில் மாமனார் நடுத்தடத்தில் நின்றார். மடியை அவிழ்த்துச் சாவியை எடுத்தார். அதை வெயிலில் தூக்கிப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அவர் தோள்கள் குலுங்கின. அவர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

அந்தச் சாவியை அவர் திருப்பித் தரவில்லை. நாங்களும் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை தோறும் அவர் போன் வரும். முதல் கேள்வி மகளைப் பற்றி இல்லை.

"என்ற வண்டி எப்படீங்க இருக்குது மாப்ளை?"

"நல்லா இருக்குதுங்க மாமா. சாவி பத்திரமுங்களா?"

"இரும்புப் பொட்டில வெச்சுப் பூட்டியிருக்கறனுங்க."

கோவை வட்டாரத்திலேயே அவ்வளவு பத்திரமாகப் பூட்டி வைக்கப்பட்ட கார் வேறு இருந்திருக்காது. ஓட்டிக்கொண்டிருந்தது மட்டும் நாங்கள்.